வியர்வைக்கு ஓர் ஓட்டை

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், மோன்துகி குன்றின் மேல் இருக்கிறது ஸ்டிபர்ட் அருங்காட்சியகம். வியாழக்கிழமை அதற்கு விடுமுறை. அப்படி ஒரு வியாழக்கிழமையில்தான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார்கள். வாங்க, நீங்களும் கூடவே வாங்க. பையை மட்டும் வாசலிலேயே வைத்துவிடுங்கள், எதிலும் உரசிவிடக் கூடாது.

பெரிய கூடத்துக்குள் கால் வைத்ததும் எதிரே ஒரு குதிரைப்படை! நிஜக் குதிரை உயரத்தில் பொய்க்குதிரைகள், மேலே தலை முதல் கால் வரை இரும்பு பூண்ட வீரர்கள். குதிரைக்குக்கூட நெற்றிக் கவசம். கண்ணாடிப் பெட்டி எதுவும் கிடையாது. அணிவகுப்பு நேராக நம் மேலேயே வருகிறது. அதன் காலடியில் ஏணி, வாளி, சுருண்டு கிடக்கும் ஒயர், யாரோ பாதி குடித்து வைத்த தண்ணீர் பாட்டில்.

ஏணி மேல் நின்ற பெண் மென்மையான தூரிகையால் ஒரு வீரனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். தூசு உறிஞ்சும் கருவியின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். தளர்ந்த ஆணி ஏதாவது கழன்று உள்ளே போய்விட்டால்? அதைத் தடுக்கத்தானாம். “இவங்க இப்போ சண்டை போடுறது தூசியோட மட்டும்தான், அதுலயும் தூசிதான் ஜெயிக்குது” என்று சிரித்தார். கூடம் முழுக்க எதிரொலித்தது அந்தச் சிரிப்பு.

இத்தனையையும் சேர்த்தவர் ஃப்ரெடரிக் ஸ்டிபர்ட். 1838இல் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், அம்மா இத்தாலியர். தாத்தா வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர். குடும்பச் செல்வத்தின் வேர் அங்கேதான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஸ்டிபர்ட் வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். இடம் போதாமல் பக்கத்து மாளிகையையும் வாங்கித் தன் வீட்டோடு இணைத்துவிட்டார். உடைந்ததைச் சரிசெய்யவும் காணாமல் போன பாகத்தைப் புதிதாகச் செய்து பொருத்தவும் கைவினைஞர்களை வைத்திருந்தார். 1887இல் ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் புதிய முகப்பைத் திறந்துவைத்த விழாவில், தனக்கென்றே செய்த 14ஆம் நூற்றாண்டு வீரன் கோலத்தில் ஊர்வலம் போனார்! ஐம்பதை நெருங்கும் வயது. கொலுவுக்குப் பொம்மை அடுக்கி முடித்த குழந்தை, கடைசியில் தானே படியேறி நின்றுவிட்டதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

மாடியில் ஜப்பான். 1876இல் சாமுராய்கள் வாள் அணியத் தடை வந்தது. அவர்களுடைய கவசங்கள் பல, கடல் கடந்து ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் கைக்குப் போயின. பட்டுக் கயிற்றால் தைத்துக் கோத்த தகடுகள், கோபத்தில் பல்லைக் காட்டும் முகமூடிகள், அவற்றுக்கு முடியால் செய்து ஒட்டவைத்த மீசை. ஏணிக்காரப் பெண் எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்தார். விரல் வியர்வை பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடித்துவிடும், சில சமயம் கைரேகையே அப்படியே பதிந்துவிடுமாம்.

பிறகு ஒரு முகமூடியைத் தாங்கியிலிருந்து எடுத்து, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி, மெல்லச் சாய்த்துக் காட்டினார். “தாடைக்குக் கீழ பாருங்க.” குனிந்தேன். அங்கே ஒரு சின்ன ஓட்டை, மிளகு நுழையும் அளவுக்கு. அவ்வளவு பயங்கரமான முகத்துக்குள் எதற்கு இது? வியர்வை வழிந்து வெளியே போகத்தான்! எனக்குப் புல்லரித்துவிட்டது. உள்ளே ஒரு மனிதர் இருந்திருக்கிறார், மூக்கு நுனியில் வேர்த்திருக்கிறது, துடைத்துக்கொள்ளக் கை ஓய்ந்திருக்காது. அதையெல்லாம் யோசித்துத்தான் ஒரு கொல்லர் அந்த இடத்தில் துளை போட்டிருக்கிறார்.

“பிடிக்கிறீங்களா?” என்று கேட்டார். இரண்டு கையையும் நீட்டினேன். நினைத்ததைவிட லேசு. பத்து விநாடிகூட இருக்காது, திரும்பக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து கையுறையைக் கழற்றினால் உள்ளங்கை இரண்டும் நனைந்து கிடந்தன.