கையோடு கை சேரும் சமாதானம்

ஆனைகட்டியில் ஒரு சோதனைச்சாவடிதான் எல்லை. கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறி வரும் சாலை அதைத் தாண்டியதும் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்குள் நுழைகிறது. தமிழ், மலையாளம், இருளர் பேச்சு என எல்லாம் புழங்கும் ஊர் இது. மற்ற நாட்களில் யாரும் பொருட்படுத்தாத அந்த எல்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சுவராகிவிட்டது.

நாடெங்கும் ஆலயங்கள் பூட்டப்பட்டன. கேரள அரசு ஜூன் 9 முதல் கட்டுப்பாடுகளோடு திறக்க அனுமதித்தது. தமிழ்நாட்டிலோ சிறு வழிபாட்டிடங்கள் போக, மற்றவை திறக்கச் செப்டம்பர் 1 ஆகிவிட்டது. மறு ஆண்டு இரண்டாம் அலைக்குப் பிறகும் தமிழ்நாட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டிடங்களுக்குத் தடை இருந்தது. 2021 அக்டோபரில்தான் அது நீங்கியது. ஞாயிறே கிடையாது என்றால் கிறிஸ்தவருக்கு என்ன மிச்சம்? ஆராதனை கைபேசிக்குள் குடியேறியது.

தடை போனது, கைபேசிப் பழக்கம் போகவில்லை. ‘பிரசங்கத்தை வீட்டிலேயே கேட்கலாமே, ஆலயத்துக்கு ஏன் போக வேண்டும்?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. பிரசங்கம் மட்டும்தான் ஆராதனை என்றால் அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆராதனை அது மட்டுமல்ல.

மலை தாண்டி வந்த வழக்கம்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பல சபை மரபுகள் ஒன்றாகச் சேர்ந்த அந்தத் திருச்சபைக்கு, எல்லோருக்கும் பொதுவான திருவிருந்து ஆராதனை முறை 1950இல் வந்தது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழக்கம் ஒன்று அதில் இடம்பெற்றது. போதகரிடமிருந்து புறப்படும் ‘சமாதானம்’ ஒருவர் உள்ளங்கையிலிருந்து அடுத்தவர் உள்ளங்கைக்கு வரிசை வரிசையாகக் கைமாறி, கடைசி இருக்கைவரை போய்ச் சேரும். பிற நாட்டுத் திருச்சபைகளும் இதைக் கவனித்து எடுத்துக்கொண்டன. பக்கத்தில் நிற்பவர் போன வாரம் சண்டை போட்டவராகவே இருக்கலாம். அவருக்கும் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். திரையில் அந்தச் சங்கடம் இல்லை. அதனால் அந்தச் சமாதானமும் இல்லை.

வராதவர் யார்?

ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை கூடுகையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வேதவாசிப்பு, போதனை, மன்றாட்டு, அப்பமும் ரசமும், கடைசியில் காணிக்கை. அந்தக் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் போனது. அன்று வர முடியாதவர்களுக்கு உதவிக்குருக்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூடி வந்தவர்களுக்குத்தான் யார் வரவில்லை என்பது தெரியும். வீட்டுக்கு வீடு தனித்தனியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், படுக்கையில் விழுந்தவரை யார் தேடிப் போவது?

கூடுவதற்காக உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 304இல், கூடி வழிபட ரோமப் பேரரசு தடை விதித்திருந்த காலத்தில், வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊரில் 49 பேர் ஞாயிறு வழிபாட்டில் பிடிபட்டார்கள். கூடாமல் எங்களால் இருக்க முடியாது என்பதே விசாரணையில் அவர்கள் சொன்ன பதிலின் சாரம்.

கூடி வழிபடுவதன் பலன் உடல்நலத்திலும் தெரிவதாக ஓர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016இல் வெளியானது அது. ஆராதனைக்கே போகாதவர்களைவிட, வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போனவர்களிடம் இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. ஆலயம் மருந்து என்பதற்கு இது சான்றாகாது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஒரே தொழிலில் இருந்தவர்கள். ஆனாலும், ஆராதனைக்குப் போனவர்களுக்குக் கிடைத்த துணை, குறைவான மனச்சோர்வு, புகைக்காத பழக்கம் ஆகியவை அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குவதாக ஆய்வாளர்கள் கருதினார்கள்.

முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், யானை நடமாட்டத்துக்குப் பயந்து இருட்டு வேளையில் வெளியே இறங்க முடியாத மலைவாசிகளுக்கும் நேரலை வரப்பிரசாதம்தான். நடந்து போகக்கூடியவருக்கு அதே வசதி இழப்பாகிவிடும். அவருக்குச் சேர வேண்டியது குறைவதோடு, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக வேண்டியதும் நின்றுவிடுகிறது.

சபைக்கும் இதில் ஒரு பரீட்சை இருக்கிறது. ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால், நான்காவது வாரம் அவர் வீட்டுக் கதவை யாராவது தட்ட வேண்டும். அப்படித் தட்டாத சபைக்கு, ‘நேரில் வாருங்கள்’ என்று சொல்லும் தகுதி குறைவு.