படிக்க மனம் வரவில்லையா? உடம்பையும் கேளுங்கள்

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் மூன்றாவது செமஸ்டருக்குள் இரண்டு அரியர் வைத்துவிடுகிறது. "போனே கதின்னு கிடக்கு, அதான்" என்கிறார்கள் வீட்டில். பிள்ளையும் தன்னைச் சோம்பேறி என்றே நம்பத் தொடங்கிவிடுகிறது. அந்த முடிவுக்கு வரும் முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

இரவெல்லாம் விழித்தால்

தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் விளக்கு அணையாது. பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாகப் பதித்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டினால் படித்ததில் ஒரு பகுதியையும் சேர்த்தே இழக்கிறோம். 18 முதல் 25 வயதுவரை இரவுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. மாலை 6 மணிக்குக் குடித்த காபியிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் கவனம் சிதறும், எதிலும் ஆர்வம் இருக்காது. அதைத்தான் பலர் 'மோட்டிவேஷன் போச்சு' என்கிறார்கள்.

ரத்தசோகை என்னும் மறைவான காரணம்

இதை அழுத்தியே சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கச் சாப்பிடாமல் ஓடி, வெறும் டீயில் மதியம்வரை ஓட்டும் மாணவிகள் எத்தனை பேர்! மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் கண் சொக்குவது, ஒரு பக்கம் படிப்பதற்குள் களைத்துப்போவது எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். களைப்பு தீராவிட்டால் தைராய்டையும் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்களுக்கும் இந்தக் குறைபாடுகள் வரும்.

படிக்கும் விதம்

நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோலத் தோன்றும்; தேர்வில் கைவிட்டுவிடும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பழைய வினாத்தாளை எடுத்து, தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் 25 நிமிடம் எழுதிப் பாருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; பெரும்பாலும் படிக்க உட்கார்ந்த பிறகுதான் அது வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பாடத்தை முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் எந்தக் குறைவும் இல்லை.

மனம் சோர்ந்தால்

பிடித்த விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். பெற்றோரே, அரியர் கணக்கைக் கேட்கும் முன் பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று கேளுங்கள். மாணவர்களே, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.