சேதமடைந்த அளவு மாதிரி வானூர்தியைச் செப்பனிடல்

அளவு மாதிரி வானூர்தி என்பது உண்மையான வானூர்தியின் உருவத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும், பறக்காத மாதிரி ஆகும். பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியில் வார்க்கப்பட்ட பாகங்களாக, பெட்டியில் அடைத்து விற்கப்படும். 1936 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஃபிராக் பெங்குயின் வரிசை நெகிழி மாதிரிப் பெட்டிகளுள் மிகப் பழையது. அவ்வரிசையில் பயன்பட்ட 1:72 விகிதமே இன்றும் பரவலாக உள்ளது. உண்மையில் ஆறு அடி நீளமுள்ளது மாதிரியில் ஓர் அங்குலமாகும்.

இந்தியாவில் இவை பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்களே. ஒரு பாகம் உடைந்தாலோ தொலைந்தாலோ மாற்றுப் பாகம் வாங்குவது கடினம். எனவே செப்பனிடும் முறைகளை அறிவது இங்கு மிகவும் பயன்படும்.

மதுரையும் ஸ்பிட்ஃபயரும்

திருநகருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை வானூர்தி நிலையம், இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச வான்படையின் தளமாக இருந்தது. 1945 இன் நடுவில் அப்படையின் 17 ஆவது படையணி இங்கு வந்து, மலாயாப் படையெடுப்புக்காக ஸ்பிட்ஃபயர் 14 வகை வானூர்திகளைப் பெற்றுக்கொண்டது. மாதிரி செய்வோர் உலகெங்கும் விரும்பிச் செய்யும் வானூர்தி ஸ்பிட்ஃபயர். அதில் மதுரைக்கென ஒரு வடிவம் இருப்பது உள்ளூர் மாணவர் பலருக்குத் தெரியாது. ஆகவே இக்கட்டுரையில் அதுவே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இதன் இறக்கை விரிவு 11.23 மீட்டர், 1:72 மாதிரியில் ஏறத்தாழ 15.6 செ.மீ.

வளைந்த பாகங்கள்

வெயிலில் நின்ற வாகனத்திலோ ஓட்டுக்கூரைப் பரணிலோ வைத்த பெட்டியில் இறக்கைகள் வளைந்திருக்கக்கூடும். கொதிக்கவைத்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் பாகத்தைச் சில நொடிகள் அமிழ்த்தி, மெல்ல நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். ஒரே முறையில் சரியாகாது. பொறுமையாக மூன்று நான்கு முறை செய்வதே நல்லது. கொதிக்கும் நீரில் நேரடியாகப் போட்டால் மெல்லிய பாகம் சுருண்டுவிடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் தட்டையாக இராமல் ஏறத்தாழ 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கோணமானியால் அளந்து வெட்டிய அட்டையை அடியில் வைத்து இருபுறமும் ஒத்திருக்கிறதா எனப் பார்க்கலாம்.

ஒட்டுதல்

மாதிரிகளுக்கான பசை வெறும் ஒட்டுப்பொருள் அன்று. அதிலுள்ள கரைப்பான் நெகிழியின் மேற்பரப்பைக் கரைக்கிறது. அழுத்திப் பிடிக்கும்போது இரு பாகங்களும் ஒன்றாக உருகிச் சேர்கின்றன. ஆதலால் ஒட்டுமிடத்தில் பழைய வண்ணமோ பழைய பசையோ இருந்தால் சுரண்டி எடுத்தாக வேண்டும். கரைப்பானின் ஆவி தலைவலி தரும். சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும்.

1 மி.மீ. இடைவெளி என்பது உண்மையான வானூர்தியில் 7 செ.மீ.க்கு மேற்பட்ட பிளவு. பாகங்களைத் தாங்கிவரும் சட்டத்தின் துண்டுகளை அதே பசையில் ஊறவைத்தால் கிடைக்கும் குழம்பு இத்தகைய இடைவெளிகளை அடைக்கச் சிறந்தது. நன்கு காய்ந்தபின் 400, 600, 1000 எண் நீர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கலாம்.

தொலைந்த பாகங்கள்

அதிகம் தொலைவது உந்துவிசிறியின் இதழே. வேறொரு ஸ்பிட்ஃபயர் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தும் எண்ணம் வரும். அது பெரும்பாலும் பிழையாகவே முடியும். முந்தைய வகைகளில் பெரும்பாலானவற்றில் மெர்லின் பொறி இருந்தது. 14 ஆவது வகையில் இருப்பது கிரிஃபன் பொறி. அதன் விசிறிக்கு ஐந்து இதழ்கள். சுழலும் திசையும் மெர்லினுக்கு எதிரானது. எனவே இதழின் முறுக்கும் எதிர்ப்புறமாக இருக்கும். எஞ்சிய இதழ் ஒன்றைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, எம்-சீல் போன்ற இருபகுதிப் பசைமாவை நிரப்பி, இறுகியபின் எடுத்து உப்புத்தாளால் மெலிதாக்குவதே சரியான வழி. வானலைக் கம்பி போன்ற நுண்பாகங்களுக்குச் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இருபுறமும் இழுத்தால் முடி போன்ற இழை கிடைக்கும்.

விமானி அறைக் கூண்டு

ஒளிபுகும் இப்பாகத்தில் உடனடிப் பசை படவே கூடாது. அதன் ஆவி படிந்து கூண்டு வெளிறிப்போகும். மரவேலைக்குரிய வெள்ளை ஃபெவிக்கால் போதும், காய்ந்ததும் தெளிவாகிவிடும். கீறல்களை மிக நுண்ணிய உப்புத்தாளாலும் பின்னர் பற்பசையாலும் தேய்த்துப் போக்கலாம்.

அடையாளக் குறிகள்

பழைய பெட்டிகளில் நீரில் நனைத்து ஒட்டும் படங்கள் மஞ்சளித்திருக்கும். தாளைத் தெளிவான நெகிழிப் பையிலிட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் நிறம் மங்கும். நீரில் உடைந்துபோகுமா என்பதைத் தேவையற்ற ஒரு படத்தில் முதலில் சோதிக்க வேண்டும். உடைந்தால், மற்றவற்றின்மீது நிறமற்ற மெருகெண்ணெய் பூசிக் காயவிட்டுப் பயன்படுத்தலாம்.

படங்கள் முற்றிலும் கெட்டுவிட்டால், வழக்கமான சிவப்பு நடுவுள்ள பிரித்தானிய வட்டக்குறியை மதுரை ஸ்பிட்ஃபயருக்கு ஒட்டக்கூடாது. சப்பானியரின் செவ்வட்டத்துடன் குழம்பாதிருக்க, தென்கிழக்கு ஆசியக் கட்டளையகத்தின் வானூர்திகளில் சிவப்பு நீக்கப்பட்டிருந்தது. கருநீல வட்டத்தின் நடுவே வெளிர்நீலம் மட்டுமே இருக்கும். இரண்டே வண்ணங்கள் என்பதால், வட்டம் வெட்டிய மறைப்பு நாடாவைக் கொண்டு தூரிகையாலேயே இதைத் தீட்டிவிடலாம். உடற்பகுதியில் எழுத வேண்டிய 17 ஆவது படையணியின் குறியெழுத்துகள் ஒய், பி ஆகியவை.