பெரும்புகைப்படங்களும் அவற்றிற்கேற்ற சட்டங்களும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதல் வேண்டும் என்பது பழமொழி. புகைப்படத்துக்கு அச்சுவராய் நின்று உதவுவது அதன் சட்டமேயாகும். ஆயினும், பெரும்படம் ஒன்றுக்குச் சட்டம் வாங்கச் செல்வோருட் பலர் அதனை வெறும் அணியெனக் கருதி, பூவேலைப்பாட்டையும் பொற்பூச்சையும் நோக்கியே தெரிவு செய்கின்றனர். சட்டம் முதற்கண் காவல். அதன் பின்னரே அணி. இம்முறை மாறும்போது படத்தைக் காக்க வந்த சட்டமே படத்துக்குப் பகையாகின்றது.

இஃது அற்பமான செய்தியன்று. கல்லூரி மண்டபங்களிலும் இல்லங்களிலும் தொங்கும் பழைய குழுப்படங்கள் பலவற்றுக்கு வேறு படியில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது சுவரிலிருந்த படங்களை எடுத்துச்செல்ல வாய்ப்பில்லாது போனவர் பலர். அத்தகைய இழப்புகளுக்குத் தப்பி எஞ்சியவை, ஈரத்துக்கும் பூச்சிக்கும் பொருந்தாச் சட்டத்துக்கும் இரையாதல் தகாது.

முதலிற் படத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், செலற்றின் என்னும் ஊன்பசைப் படலத்தினுள் வெள்ளித் துணிக்கைகள் பொதிந்து உருவைத் தருகின்றன. மாரிகாலத்தில் காற்றின் ஈரப்பதன் மிகும்பொழுது செலற்றின் நீரை ஏற்றுப் பருத்து இளகும். அதனோடு கண்ணாடி தொட்டிருப்பின் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிமீன் எனப்படும் பூச்சிக்குச் செலற்றினும் மாப்பசையும் விருப்பமான உணவு. புதுவண்ணப் பூச்சிலிருந்து எழும் ஆவிகள் வெள்ளியைத் தாக்கி உருவை மஞ்சளாக்கும். வண்ணப்படங்களிலோ சாயங்களே உருவைத் தருவன. அவை ஒளியால் விரைவாக மங்கும். ஆகவே ஈரம், பூச்சி, ஆவி, ஒளி என்னும் நான்கையும் தடுப்பதே நல்ல சட்டத்தின் தொழிலாகும்.

அடுத்து, அளவு. கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் சட்டங்கள் 16க்கு 20, 20க்கு 24 அங்குலம் போன்ற சில அளவுகளிலேயே பெரும்பாலும் கிடைக்கும். 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் எடுத்த படத்தின் பக்கங்களோ 2க்கு 3 என்னும் விகிதத்தன. இக்காலத்து எண்ணிமக் கமெராக்கள் பலவும் அவ்விகிதத்தையே பின்பற்றுகின்றன. அத்தகைய படத்தை முழுமையாகப் பெருப்பிப்பின் 16க்கு 24 அல்லது 20க்கு 30 அங்குலமாகும். அதனை 20க்கு 24 அங்குலச் சட்டத்துள் இடைவெளியின்றி நிரப்ப முயன்றால் இருபுறமும் வெட்டுதல் வேண்டும். குழுப்படத்தில் அவ்வாறு வெட்டுண்பவர் வரிசையின் ஓரங்களில் நிற்பவரே. ஒருவரை மண்டபத்தின் நினைவிலிருந்து நீக்குதற்கு அளவு பாராது வாங்கிய சட்டம் ஒன்றே போதும். படத்துக்காகச் சட்டமேயன்றிச் சட்டத்துக்காகப் படமன்று.

படத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சாளரம் போல் வெட்டிய அட்டை ஒன்றை அமைத்தல் நலம். கடைக்காரர் ‘மவுண்ட்’ என வழங்கும் இவ்வட்டை, அழகின் பொருட்டு மட்டும் வைக்கப்படுவதன்று. கண்ணாடி படத்தைத் தொடாவண்ணம் விலக்கி நிற்பதே அதன் தலையாய பணி. பெரும்படங்கள் நடுவில் வளைந்து முன்வருமாதலின், ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள அட்டை விரும்பத்தக்கது. மரக்கூழில் உள்ள இலிக்னின் நீக்கப்படாத மலிவான அட்டை காலப்போக்கில் அமிலத்தை வெளிவிட்டுப் படத்தின் ஓரங்களைப் பழுப்பாக்கும். ஆதலின் பருத்தி நாரினாலாய அல்லது அமிலம் நீக்கிய அட்டையையே கேட்டு வாங்குக. புகைப்படங்களுக்குத் தீங்கு செய்யாமையைச் சோதித்தறிய ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் அனைத்துலகத் தரநியமமும் உண்டு.

24 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் உள்ள குழுப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலும் இருபக்கமும் 3 அங்குலமும் கீழே மூன்றரை அங்குலமும் ஓரம் விடின், கண்ணாடியின் அளவு 30க்கு 26½ அங்குலமாகும். கீழோரம் சற்று அகன்றிராவிடின் படம் கீழே நழுவுவதுபோற் கண்ணுக்குத் தோன்றும். 2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கண்ணாடி சதுர மீற்றருக்கு 5 கிலோகிராம் நிறையுடையது. எனவே இப்படத்துக்குரிய கண்ணாடி மட்டும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம் நிற்கும். 60க்கு 40 அங்குலமுள்ள பெருஞ்சட்டத்துக்கு 3 மில்லிமீற்றர்க் கண்ணாடியிடின் நிறை பதினொன்றரைக் கிலோகிராமை எட்டும். அத்தகைய இடத்தில் அக்றிலிக்குத் தகடு ஏற்றது. அதன் நிறை கண்ணாடியினதிற் பாதியளவே, விழுந்தாலும் சிதறாது. ஆனால் அதில் எளிதிற் கீறல் விழும், தூசியையும் ஈர்க்கும். ஊதாக்கடந்த கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியும் அக்றிலிக்கும் உளவேனும், அவை மங்கலைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாக நிறுத்தா. வெயில் நேரே படும் சுவரைத் தவிர்ப்பதே செலவில்லாத மருந்து.

இந்நிறையைத் தாங்குவது சட்டத்தின் கோலாகும். மரத்தூளை அழுத்திச் செய்து மேலே மெல்லிய தாள் போர்த்த கோல்கள் ஈரத்தில் ஊதிப் பிளக்கும். மெல்லிய பிளாத்திக்குக் கோல்கள் பெருங்கண்ணாடியின் பாரத்தால் வளையும். நன்கு உலர்ந்த தேக்கு நெடுநாள் உழைக்கும். கறையான் மிக்க இடத்தில் அலுமினியம் சிறந்தது. முகப்பின் அகலத்தோடு உட்காடியின் ஆழத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். கண்ணாடி, சாளர அட்டை, படம், பின்னட்டை, முதுகுப்பலகை ஆகிய யாவும் அக்காடியினுள் அடங்குதற்கு 15 மில்லிமீற்றர் ஆழமேனும் வேண்டப்படும். மூலைகளிற் கீற்றளவு இடைவெளி தெரியினும் அச்சட்டத்தை ஏற்றலாகாது.

படத்தை அட்டையில் முழுவதும் ஒட்டுதல் பெருந்தவறு. ஒட்டுநாடா அதனினும் கேடு. தாள் மூலைகளைச் செருகியோ, மேலோரத்தில் மட்டும் மெல்லிய தாட்கீற்றுகளைக் கோதுமைமாப் பசையால் ஒட்டியோ நிறுத்தினால், ஈரத்துக்கேற்பப் படம் விரிந்து சுருங்க இடமிருக்கும். முதுகுப்புறத்தைத் தாளால் மூடின் பூச்சி புகாது. கீழ்மூலைகளிற் சிறு தக்கைகளை ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று உலாவச் செய்க. பாரமான சட்டத்தை ஓராணியில் தொங்கவிடாது ஈராணிகளில் தொங்கவிடுக.

பழைய படம் ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் அதனை உரிக்க முயல்வது படத்தைக் கிழிப்பதாகவே முடியும். கண்ணாடியோடு சேர்த்தே அதனைப் படியெடுத்து, பின்னர்ப் பழுதுநீக்கும் வல்லுநரை நாடுதல் தக்கது. வேறு படியில்லாத படங்கள் யாவற்றிலும் மூலத்தை இருளான உலர்ந்த பெட்டியில் வைத்து, படியைச் சுவரில் மாட்டுவதே அறிவுடைமை.

சட்டம் மாற்றுவோர் மறக்கும் ஒன்றும் உண்டு. பழைய அட்டையின் அடியில் எழுதப்பட்டிருக்கும் பெயர்வரிசை, அட்டை பழுதுற்றதென்று பெரும்பாலும் வீசப்படுகின்றது. அதனைப் படியெடுத்துப் புதிய அட்டையிலும் எழுதி, முதுகுத்தாளில் ஆண்டையும் குறித்தல் வேண்டும். பெயரிழந்த படத்தில் முகம் எத்துணைத் தெளிவாயிருப்பினும், அதிலுள்ளார் அடுத்த தலைமுறைக்கு அயலாரே. நல்ல கோலும் தெளிந்த கண்ணாடியும் தூய அட்டையும் முகத்தைக் காக்கும். அம்முகத்துக்குரியார் இன்னார் என்பதைக் காப்பது அப்பெயர்வரிசையே.