மனச்சாட்சி மறுக்கலாம், வழியை மறிக்கலாமா?

வைத்தியர் ஒருவர் தமது மனச்சாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையொன்றைச் செய்ய மறுக்கலாமா? மறுக்கலாம் என்றே நாம் குடியேறி வாழும் நாடுகளிற் பலவற்றின் சட்டங்கள் கூறுகின்றன. குறிப்பாகக் கருக்கலைப்புத் தொடர்பில் இவ்வுரிமை சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டுள்ளது. ஆனால் மறுப்பவர் ஒருவர். அம்மறுப்பின் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையில் சட்டம் எங்கே கோடு கீறுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நோயாளிகளாகச் செல்லும் எமக்கும் அவசியம்; வைத்தியர்களாகவும் தாதியராகவும் மருந்தாளர்களாகவும் பணிபுரியும் எம்மவர்க்கும் அவசியம்.

சொல் பிறந்த இடம்

'மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்' என்றதும் போருக்குச் செல்ல மறுத்த இளைஞனே பலருக்கும் நினைவில் வருவான். எனினும் பிரித்தானியச் சட்டத்தில் இக்கருத்து முதலில் இடம்பிடித்தது மருத்துவத்தின் வாயிலாகவே. அம்மைப்பால் குத்துவது தம் பிள்ளைக்குத் தீங்கானது என மனமார நம்பும் பெற்றோருக்கு 1898ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம் விலக்களித்தது. நீதவான் முன் தோன்றி, தமது நம்பிக்கை மெய்யானதே என அவரைத் திருப்திப்படுத்தும் பொறுப்பு பெற்றோருடையதாக இருந்தது.

1916இல் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தபோது, சுமார் 16,000 பேர் ஆயுதமேந்த மறுத்தனர். அவர்கள் விசாரணை மன்றங்களின் முன் நிறுத்தப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். தம் மறுப்புக்கான விலையை அவர்கள் தாமே செலுத்தினார்கள்.

வைத்தியசாலையில் நிகழும் மறுப்பு இதனின்றும் வேறுபட்டது. அங்கு மறுப்பவர் சட்டத்தின் பாதுகாப்புடன் மறுக்கிறார். நாட்களை இழப்பவளோ அவர் எதிரே அமர்ந்திருக்கும் பெண். நாட்கள் இங்கு அற்பமானவையல்ல. இத்தாலியில் பெண்ணின் வேண்டுகோளின்பேரில் கருக்கலைப்புச் செய்யக்கூடிய காலம் கர்ப்பத்தின் முதல் 90 நாட்கள். பிரான்சில் 2022இலிருந்து 14 வாரங்கள். அவசர கருத்தடை மாத்திரைகளில் ஒரு வகையை 72 மணித்தியாலங்களுக்குள்ளும், மற்றொரு வகையை 120 மணித்தியாலங்களுக்குள்ளும் உட்கொள்ள வேண்டும். ஒரு மறுப்பு, ஒரு வார அலைச்சல், மீண்டும் ஒரு மறுப்பு என்று போனால், சட்டம் தந்த உரிமை நாட்காட்டியிலேயே கரைந்து விடும்.

'பங்குபற்றுதல்' என்ற ஒரு சொல்

பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 1968 ஏப்ரல் 27இல் நடைமுறைக்கு வந்தது. மனச்சாட்சியின் பேரில் எதிர்ப்புடைய எவரும் இச்சட்டத்தின் கீழான சிகிச்சையிற் பங்குபற்றக் கடமைப்பட்டவரல்லர் என்று அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. அதே பிரிவு இரண்டு வரம்புகளையும் விதிக்கிறது. தமது எதிர்ப்பு மெய்யானது என நிரூபிக்கும் பொறுப்பு அதனைக் கோருபவரையே சாரும். தாயின் உயிரைக் காக்கவோ, அவளது உடலுக்கோ உள்ளத்துக்கோ நிரந்தரமான பாரிய பாதிப்பு நேராமல் தடுக்கவோ சிகிச்சை தேவைப்படும் வேளையில் எவரும் விலகி நிற்க முடியாது. செயற்கைக் கருத்தரிப்பையும் முளைய ஆய்வையும் ஒழுங்குபடுத்தும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய விலக்கு உண்டு.

'பங்குபற்றுதல்' என்றால் என்ன என்ற கேள்வி இரு தடவைகள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்வரை சென்றது. வைத்தியரின் செயலாளராகப் பணியாற்றிய கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர், கருக்கலைப்புக்காக நோயாளி ஒருவரை நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சுச் செய்ய மறுத்துப் பதவி இழந்தார். சிகிச்சையில் நேரடியாக ஈடுபடுவதே பங்குபற்றுதல் என்றும், கடிதம் தட்டச்சுச் செய்வது அதில் அடங்காது என்றும் 1988இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இரண்டாவது வழக்கு கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. பிரசவ விடுதியின் பொறுப்பாளர்களாக இருந்த இரு கத்தோலிக்க மருத்துவிச்சிகள், கருக்கலைப்பிலே தாம் நேரடியாக ஈடுபடாதது மட்டுமன்றி, அதிலே ஈடுபடும் ஏனைய தாதியருக்கு வேலை ஒதுக்கவும் அவர்களை மேற்பார்வை செய்யவும் கூடத் தம்மால் இயலாது என்று வாதிட்டனர். 2013இல் ஸ்கொட்லாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏகமனதாக மாற்றியது. கைபட ஈடுபடும் பணிக்கே சட்டத்தின் விலக்கு உரியது என்று ஹேல் சீமாட்டி விளக்கினார். மறுப்பவர், அத்தகைய எதிர்ப்பு இல்லாத வேறொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். மனச்சாட்சி ஒருவரின் கைகளை விலக்கி வைக்கலாம். முழு விடுதியின் நிர்வாகத்தையும் தன்வசப்படுத்த முடியாது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

விலக்கே விதியான இத்தாலி

இத்தாலியில் 1978 மே 22இல் நிறைவேறிய 194ஆம் இலக்கச் சட்டம் கருக்கலைப்பை அனுமதித்தது. 1981இல் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பு அதனை நிலைநிறுத்தியது. இச்சட்டத்தின் 9ஆம் பிரிவு எழுத்தளவில் மிகுந்த நிதானத்துடன் வரையப்பட்ட ஒன்று. மறுப்பவர் அதனை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான பராமரிப்பிலிருந்து அவர் விலக முடியாது. உயிராபத்து நெருங்கிய வேளையில் மறுப்புச் செல்லாது. இவ்வாறான ஆபத்து வேளை தவிர்ந்த சமயத்தில் ஒருவர் கருக்கலைப்பில் ஈடுபட்டால் அவரது மறுப்பு உடனே இரத்தாகிவிடும். எத்தனை பேர் மறுத்தாலும் சேவை தடையின்றிக் கிடைப்பதை வைத்தியசாலை உறுதிப்படுத்த வேண்டும். பிராந்திய நிர்வாகம் அதனைக் கண்காணிக்க வேண்டும்.

நடைமுறையோ வேறு விதமாயிற்று. அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் அறிக்கைகளின்படி, 2021இலே மகப்பேற்று நிபுணர்களில் 63 சதவீதத்துக்கும் அதிகமானோர் மறுப்பாளர்களாகப் பதிவு செய்திருந்தனர். முந்திய ஆண்டுகள் சிலவற்றில் இத்தொகை 70 சதவீதத்தை எட்டியதுமுண்டு. விதிவிலக்கு இவ்வாறு பெரும்பான்மையாகிவிட்டால், அது தனிமனிதரின் மனச்சாட்சியாக மட்டும் இருப்பதில்லை. ஒரு நாட்டின் சுகாதார ஒழுங்கமைப்பாகவே மாறிவிடுகிறது.

ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு இத்தாலிக்கு எதிரான இரு முறைப்பாடுகளில் இதனைச் சுட்டிக்காட்டியது. 2014இல் வெளியான முதலாவது முடிவு, பெண்கள் வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைய நேர்வதைக் கண்டித்தது. 2016இல் வெளியான இரண்டாவது முடிவு, பலரும் கவனியாத ஒரு தரப்பினரின் குறையை வெளிப்படுத்தியது. மறுக்காத வைத்தியர்கள், வேலைப்பளுப் பங்கீட்டிலும் பதவி முன்னேற்றத்திலும் பாதிக்கப்படுகின்றனர் என்று குழு கண்டது. எல்லோரும் ஒதுக்கிய வேலை எஞ்சிய சிலர் தலையில் விழுகிறது. மறுப்பவருக்கு மனச்சாட்சி உண்டு என்றால், துயருற்ற பெண்ணைக் கைவிட மாட்டேன் என்று நிற்பவருக்கும் மனச்சாட்சி உண்டு. சட்டங்கள் முன்னதைப் பேணும் அளவுக்குப் பின்னதைப் பேணுவதில்லை என்பது எமது கருத்து.

சுவீடனும் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும்

இத்தாலிக்கு நேர் எதிர்முனையில் நிற்பது சுவீடன். 1975இலிருந்து நடைமுறையிலுள்ள அந்நாட்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் மறுப்புரிமைக்கு இடமேயில்லை. கருக்கலைப்புப் பணியில் ஈடுபட முடியாது என்றதால் வேலை மறுக்கப்பட்ட எலினோர் கிரிம்மார்க் என்னும் மருத்துவிச்சி நீதிமன்றங்களை நாடினார். 2017இல் சுவீடனின் தொழில் நீதிமன்றம் அவரது கோரிக்கையை நிராகரித்தது. 2020இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும், அவரதும் அவரைப் போன்ற மற்றொரு மருத்துவிச்சியினதும் முறைப்பாடுகளை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. பெண்களின் உடல்நலத்தைக் காக்கும் பொருட்டு ஓர் அரசு இவ்வாறு நடந்துகொள்ளலாம் என்பதே அதன் நிலை. ஒரு மருத்துவிச்சிக்குத் தன் தொழிலா, தன் நம்பிக்கையா என்ற தெரிவை மட்டுமே விட்டுவைப்பதும் கடினமானதே என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

இதே நீதிமன்றம் 2001இல் பிரெஞ்சு மருந்தாளர்கள் இருவரின் முறைப்பாட்டையும் தள்ளியிருந்தது. வைத்தியர் எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரைகளை மூன்று பெண்களுக்கு விற்க மறுத்ததற்காக அவர்கள் தண்டம் செலுத்த நேர்ந்தது. அம்மருந்தை மருந்தகத்தில் மட்டுமே வாங்க முடியும் என்றிருக்கையில், தமது சமய நம்பிக்கையை வாடிக்கையாளர்மீது சுமத்த முடியாது என்றது நீதிமன்றம். 2011இல் போலந்து வழக்கொன்றில் அது மேலும் தெளிவாகப் பேசியது. கருவிலே குறைபாடு இருக்கலாம் என்று ஐயுற்ற தாய்க்குரிய மரபணுப் பரிசோதனை தாமதிக்கப்பட்டே வந்து, இறுதியில் அந்நாளையச் சட்டம் அனுமதித்த காலமே கடந்துவிட்டது. சுகாதாரப் பணியாளரின் மனச்சாட்சிச் சுதந்திரம், நோயாளிக்குச் சட்டப்படி உரிய சேவையைத் தடுக்காதவாறு தன் சேவைகளை ஒழுங்கமைப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் விதித்தது.

எமக்கு இதில் என்ன?

பல நாடுகள் இன்று நடுவழியொன்றையே நாடுகின்றன. பிரான்சில் மறுக்கும் வைத்தியர் தாமதமின்றி அதனைத் தெரிவித்து, சிகிச்சை செய்யக்கூடியவர்களின் பெயர்களை உடனே கொடுக்க வேண்டும். அயர்லாந்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளியை வேறொருவரிடம் மாற்றுவதற்கான ஏற்பாட்டை மறுப்பவரே செய்ய வேண்டும். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பயனுள்ள வகையிலே வேறொருவரிடம் அனுப்பும் கடமையை வைத்தியர் சபை விதித்தது. அனுப்புவதும் உடந்தையே என்று கிறிஸ்தவ வைத்தியர் அமைப்புகள் வழக்காடின. அவர்களது சமய சுதந்திரம் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், நலிந்த நோயாளிகளின் நலனுக்காக அக்கட்டுப்பாடு நியாயமானதே என்று 2019 மே மாதத்தில் தீர்ப்பளித்தது.

நலிந்த நோயாளி யார் என்று நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அந்நிய மொழி பேசத் தெரியாத, கணவனையோ பிள்ளையையோ மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்கின்ற, குடும்ப வைத்தியர் ஒருவரைத் தவிர வேறு வாயில் அறியாத எமது பெண்ணை நினைத்துப் பார்ப்போம். 'இதனை நான் செய்வதில்லை' என்று வைத்தியர் கூறுவது, 'இந்த நாட்டில் இதற்கு அனுமதியில்லை' என்றே அவள் காதில் விழக்கூடும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை எடுத்துச் சொல்ல அங்கு எவருமில்லை. படித்த, மொழியறிந்த பெண் அடுத்த வைத்தியரைத் தொலைபேசியில் அழைப்பாள். இவளோ வீடு திரும்பி விடுவாள்.

ஆகவே மறுப்பை எதிர்கொள்ளும் எவரும் இரண்டு கேள்விகளைத் தயங்காது கேட்க வேண்டும். இது மருத்துவக் காரணத்தாலா, உங்கள் நம்பிக்கையாலா? நான் இனி யாரிடம் செல்ல வேண்டும்? பதிலை எழுத்திலே கேட்டு வாங்குவது நன்று. வீட்டாரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வதிலும் வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைக் கோருவது மேலானது. சொல்வதற்குக் கூசும் விடயங்கள் பிள்ளையின் வாயால் முழுமையாக வருவதில்லை.

இத்துறையிற் பணிபுரியும் எம்மவர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. சைவரோ கத்தோலிக்கரோ இஸ்லாமியரோ, உங்கள் நம்பிக்கை உங்களைத் தடுக்குமாயின், வேலையில் அமரும்போதே மேலாளரிடம் தெரிவித்து விடுங்கள். நோயாளி கதவைத் தட்டிய பின்னர் அவளிடம் அதனை விவாதிக்க வேண்டாம். அவளுக்குப் போதனை செய்யவும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமக்குப் பிடிக்காத சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாராயின், அது மனச்சாட்சி மறுப்பாகாது. நம்பி வந்தவளை ஏமாற்றுவதாகும்.

மனச்சாட்சியைச் சட்டம் மதிப்பது நன்றே. வைத்தியரை இயந்திரமாக்கும் சுகாதார சேவையை நாமும் விரும்பவில்லை. ஆயினும், மறுப்பவர் தம் வழியில் நேர்மையாக நடப்பதற்கான செலவை, வழி தெரியாது நிற்கும் பெண்ணிடமிருந்து அறவிடுவது நீதியாகாது. அச்செலவை ஏற்க வேண்டியது, மறுக்கும் உரிமையை வழங்கிய அரசே. ஒருவர் மறுத்தால் மற்றொருவர் அங்கே இருக்கிறாரா என்று பார்க்காத சட்டம், பாதி எழுதப்பட்ட சட்டமே.