முன்பள்ளி ரீச்சருக்கு யார் படிப்பிப்பது?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பல முன்பள்ளிகள் சனசமூக நிலையத்திலோ கோயில், தேவாலய வளவிலோ நடக்கின்றன. மூன்று வயதில் அங்கே வரும் பிள்ளை, முதலாம் வகுப்புக்குப் போகும்வரை ஒரு ரீச்சரின் கையில் வளர்கிறது. அந்த ரீச்சருக்குக் கிடைக்கும் பயிற்சி எப்படிப்பட்டது?

இலங்கையில் ஐந்து வயது முதல் கல்வி கட்டாயம். அரச பாடசாலையில் அது இலவசம். முன்பள்ளி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் அதன் மேற்பார்வையை மாகாண சபையிடம் விட்டது. நடத்துவதோ பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களும் சமய அமைப்புகளும். அங்கு படிப்பிப்பவர் அரச ஆசிரியர் அல்லர். பெற்றோர் கட்டும் மாதப் பணமும் சிறு கொடுப்பனவுமே அவருக்கு வருமானம். கடற்றொழிலையும் கூலிவேலையையும் நம்பிய ஊரில் அந்த மாதப் பணமும் ஒழுங்காக வராது.

பெற்றோர் கேட்பது எழுத்து. மூன்று வயதுக் கைக்கு அது பாரம். பயிற்சி பெற்ற ரீச்சர் சிரட்டையில் மண் அள்ளவிட்டு விரல்களைப் பழக்குவார். புளியங்கொட்டையில் எண் வரும். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வதில் மொழி வரும். காது சரியாகக் கேட்காத பிள்ளையையும், பேசாமல் ஒதுங்கும் பிள்ளையையும் அவர் நேரத்தோடு இனங்காண்பார். 1995இல் போரால் நேர்ந்த யாழ்ப்பாண இடப்பெயர்வில் சிறுவராக இருந்த பலர் இன்று பெற்றோர். அவர்களது வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் பயிற்சி வேண்டும்.

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பது புதிய எண்ணமல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மொன்டிசோரி 1907இல் தமது முதலாவது பாலர் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அதன் பிறகு ஆசிரியர்களைப் பயிற்றுவதையே பெரும்பணியாகக் கொண்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்ததும் அதற்காகத்தான்.

இங்கும் வழி இருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விக்கான கற்கைநெறியை நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. ஆனால் நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாண நகருக்கு வகுப்புக்கு வர, குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகு, பிறகு பஸ். கட்டணத்தோடு போக்குவரத்துச் செலவும் சேர்ந்தால் அவரது வருமானம் தாங்காது. பயிற்சி மிகவும் தேவைப்படும் இடத்துக்கே அது கடைசியாகப் போய்ச் சேர்கிறது.

ஆகவே பயிற்றுநர்கள் தீவுகளுக்கும் கரையோர ஊர்களுக்கும் போக வேண்டும். பயிற்சியை முடித்தவருக்கு மாகாண நிர்வாகம் கொடுப்பனவை உயர்த்த வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் ஊர் முன்பள்ளிக்குக் கட்டடமும் மதிலும் கட்ட மனமுவந்து கொடுக்கிறார்கள். அடுத்த முறை, அங்கே படிப்பிக்கும் ரீச்சரின் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.