காடைக்குப் புதரே காப்பு

நமது சங்க அங்கத்தினரில் பலர் தறியும் தோட்டமுமாக வாழ்க்கை நடத்துபவர்கள். கொல்லையில் நாலு கோழி வளர்ப்பது அவர்களுக்குப் புதிதன்று. காடை வளர்ப்பில் நாட்டங் கொண்டோரும் இப்பொழுது பெருகி வருகின்றனர். எனினும், காடையை அடுக்குக் கம்பிக்கூண்டில் அடைத்து வளர்க்கும் முறை ஒன்றையே நம்மில் பெரும்பாலோர் அறிவர். மண்ணில் மேய்ந்தும், புல்லில் ஒளிந்தும், புழுதியில் புரண்டும் பறவை தன் இயல்புப்படி வாழ்வதற்கு, செடிகொடிகள் நிறைந்த திறந்தவெளிக் கூடம் ஒன்றை அமைக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

எந்தக் காடை?

காடை தமிழருக்கு அந்நியமான பறவை அன்று. குறும்பூழ் என்னும் பெயரால் கலித்தொகை அதனைக் குறிப்பிடுகிறது. ஆனால், நம் வயல்வெளிகளில் திரியும் காட்டுக்காடை வேறு. பண்ணைகளில் பொரிக்கப்படும் ஜப்பானியக் காடை வேறு. முன்னது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டது. அதனை வலை வைத்துப் பிடிப்பது குற்றமாகும். பின்னது 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆராய்ச்சி நிலையங்களின் வழியே பண்ணைகளுக்குப் பரவியது. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்பன அதிலிருந்து தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்ட வகைகள். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதால், நம்பிக்கையான பொரிப்பகத்தில் குஞ்சுகளை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்தல் நலம். வளர்த்த காடையை வயலில் திறந்துவிடுவதும் தகாது. அது தானே பிழைக்க அறியாது. காட்டுப் பறவைகளிடையே நோயைப் பரப்பவும் கூடும்.

அச்சமே அடிப்படை

காடை மரக்கிளையில் அடையும் பறவை அன்று. தரையிலேயே உண்டு, தரையிலேயே உறங்கி, தரையிலேயே முட்டையிடும். பகையைக் கண்டால் முதலில் அசையாது பதுங்கும். காய்ந்த புல்லின் நிறமுடைய அதன் முதுகே அதற்குக் கவசம். பதுங்க இடமில்லாதபோது செங்குத்தாக மேல்நோக்கிப் பாயும். அந்த வேகத்தில் கூரையில் மோதினால் மண்டை உடையும், கழுத்தும் முறியலாம். இந்த ஒரு குணத்தை மனத்தில் கொண்டால், கூடத்தின் உயரம் முதல் அதில் நடும் புல் வரை எல்லாம் இன்னவாறு அமைய வேண்டும் என்பது தானே விளங்கும். பதுங்க இடமுள்ள காடை பாய்வது அரிது. ஆகவே, நாம் நடும் புதர் வெறும் அலங்காரமன்று. அதுவே பறவையின் உயிர்க்காப்பு.

கூடத்தின் அளவும் அரணும்

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள 120 சதுர அடிக் கூடத்தில் 20 காடைகளுக்கு மேல் விடலாகாது. கம்பிக்கூண்டுக் கணக்குப்படி இதே இடத்தில் பன்மடங்கு அடைக்கலாமே என்று தோன்றும். அடைத்தால் ஒரு மாதத்தில் புல்லும் செடியும் அழிந்து, எச்சம் படிந்த வெறுந்தரையே எஞ்சும்.

கூரை ஒன்று மிகத் தாழ்வாக இருத்தல் வேண்டும். அன்றேல் ஆறரை அடிக்குக் குறையாது உயர்ந்திருத்தல் வேண்டும். இரண்டடி முதல் நாலடி வரையுள்ள இடைப்பட்ட உயரமே ஆபத்தானது. ஆள் உள்ளே சென்றுவர வேண்டிய செடிக்கூடத்துக்கு உயர்ந்த கூரையே பொருந்தும். அதற்கு ஒரு சாண் கீழே மெல்லிய வலையைச் சற்றுத் தொய்வாகக் கட்டினால், பாயும் பறவையை அது தாங்கிக்கொள்ளும். கூரையில் மூன்றில் ஒரு பங்கைக் கீற்றாலோ ஓட்டாலோ வேய்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் காடைக்கு உலர்ந்த தரை இன்றியமையாதது. இதன்பொருட்டே கூடத்தின் தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரையடி உயர்த்தி, நீர் வடிய வழிசெய்கிறோம்.

சுவருக்குக் கடைகளில் வெல்டட் மெஷ் எனப்படும் பற்றவைத்த கம்பிவலை ஏற்றது. அதன் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. கண் பெரிதானால் பாம்பும் எலியும் நுழையும். கீரியும் பெருச்சாளியும் நிலத்தைத் தோண்டி வரும். ஆகவே வலையை ஒன்றரை அடி ஆழம் மண்ணில் புதைத்தல் வேண்டும். ஒரே இரவில் எல்லாப் பறவைகளையும் இழக்கச் செய்வது பெரும்பாலும் இந்த ஒரு குறைதான். சுவரின் அடிப்பாகத்தில் இரண்டடி உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டிவிட்டால், வெளியே நடமாடும் நாயும் பூனையும் காடையின் கண்ணிற் படா.

நடவு

பறவைகளை விடுவதற்கு இரண்டு மாதம் முன்னரே நடவை முடித்துவிடுதல் வேண்டும். வேர் ஊன்றாத செடி காடையின் அலகுக்கும் காலுக்கும் தாங்காது.

நடுப்பகுதியில் வெட்டிவேர், எலுமிச்சைப்புல், கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றைத் தூர் தூராக, ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். இவை வெயிலைத் தாங்கும். அடர்ந்து கவிந்து கீழே நிழலறை அமைக்கும். வெட்டிவேரின் வேர் ஆழமாக இறங்குவதால் பறவை புழுதி கிளறினாலும் தூர் சாயாது. ஒவ்வொரு தூரையும் சுற்றி நாலைந்து கூழாங்கற்களைப் பதித்துவிடுதல் நல்லது. மேற்குப் புறத்தில், சுவருக்கு வெளியே, கோவை, அவரை, பீர்க்கு ஆகிய கொடிகளில் ஒன்றை ஏற்றினால் பிற்பகல் வெயில் தணியும். கொடியைக் கூரை வலையின்மீது படரவிடலாகாது; மழையில் நனைந்த கொடியின் கனத்தை வலை தாங்காது.

தரையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டவெளியாக விட்டு அருகம்புல் பரப்பலாம். மற்றொரு மூலையில் தினை, சாமை, கம்பு, முளைக்கீரை ஆகியவற்றை விதைத்து, தரைக்கு நாலங்குல உயரத்தில் கம்பிவலைச் சட்டம் ஒன்றை மூடிவைக்க வேண்டும். வலைக்கு மேலே நீளும் தளிரைக் காடை கொத்தித் தின்னும். வேர் அழியாது நிற்கும். பயிர் மீண்டும் தழைக்கும்.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி, கண்வலிக்கிழங்கு ஆகிய நச்சுச் செடிகளைக் கூடத்தினுள்ளோ வேலியோரத்திலோ வைத்தலாகாது. பருத்திக்கோ காய்கறிக்கோ மருந்து தெளிக்கும் வயலின் ஓரத்தில் கூடம் அமைப்பதும் தவறு. காற்றில் வரும் மருந்து இலையில் படியும். அந்த இலையும் அதிலுள்ள பூச்சியும் காடையின் வயிற்றை அடையும்.

உள்ளே வைக்க வேண்டியவை

பழைய மண்பானையை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தால் நல்ல ஒளிவிடம் கிடைக்கும். ஆனால் அதற்கு இருபுறமும் வாயில் இருத்தல் அவசியம். ஒரே வாயிலுள்ள இடத்தில் வலிய பறவை எளியதை மடக்கிக் கொத்தும். முள்ளில்லாத சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய சிறு குவியல் இரண்டொன்றும் வேண்டும்.

வேய்ந்த பகுதியின் கீழ், அகன்ற தொட்டியொன்றில் நாலங்குல ஆழத்துக்கு உலர்ந்த நுண்மணலை நிரப்பி, சலித்த விறகுச்சாம்பல் சிறிது கலந்து வைத்தால், காடைகள் நாள்தோறும் அதில் புரண்டு இறகைத் தூய்மை செய்துகொள்ளும். தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்கட்டும். குஞ்சுகள் உள்ளபோது அதில் கூழாங்கற்களை இட்டு வைத்தல் வேண்டும்; கால் அங்குல நீரிலும் காடைக்குஞ்சு மூழ்கி மடியும்.

நெசவாளச் சகோதரர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். தறிக்கடியில் சேரும் நூல் கழிவு மெத்தென்றிருப்பதால் அதனைக் கூடத்தில் பரப்பலாமே என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு ஒருபோதும் செய்யலாகாது. நூலிழை காடையின் விரலில் சுற்றிக்கொண்டால் தானே அவிழாது. பறவை நடக்க நடக்க இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரல் அழுகி விழும். அறுந்த வலையின் இழைக்கும் இது பொருந்தும். வாரம் ஒருமுறை கால்களைப் பார்த்துவருதல் நன்று. படுக்கைக்கு உலர்ந்த இலைச்சருகும் பூஞ்சணம் பிடிக்காத வைக்கோலும் போதும்.

பராமரிப்பும் பயனும்

உண்ணும் முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமாயின் நாலு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் மிகுந்தால் சண்டை மிகும். மார்பு செம்பழுப்பாகப் புள்ளியின்றி இருப்பது சேவல். கரும்புள்ளிகள் உள்ளது பெட்டை. பண்ணைக் காடை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டதால், முட்டைகளைப் பொரிப்பானில் 17, 18 நாள் வைத்தே குஞ்சு பெற வேண்டும்.

கூடத்தின் புல்லும் புழுவும் முழு உணவாகா. புரதம் 20 விழுக்காடு அளவுள்ள முட்டைக்காடைத் தீவனமும் கிளிஞ்சல் தூளும் தனியே வைக்க வேண்டும். கவிழ்த்த பானையில் நம்மவர் பிடிக்கும் கரையான் குஞ்சுகளுக்குச் சிறந்த உணவு. பெட்டைகள் பெரும்பாலும் மாலைப்பொழுதில் புல்தூரின் அடியில் முட்டையிடும். அவற்றை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். தேங்கிய முட்டை பாம்புக்கும் எலிக்கும் அழைப்பாகும்.

எச்சத்தின் வழியே குடல்நோய் பரவும். ஆகவே கூடத்தை நடுவே வலையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பறவைகளை விட்டு மறு பாதிக்குச் சில வாரம் ஓய்வளித்தல் சிறந்தது. அவ்வாறு செய்வோர் பறவைகளையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். கோழி மேய்ந்த மண்ணில் உடனே காடையை விடலாகாது.

இனி வருவாயைப் பற்றி ஒளிவின்றிக் கூறுவோம். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் காடை, தொடர்ந்து மிகுதியாக இட வேண்டுமாயின் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி வெளிச்சம் வேண்டும். நம் நாட்டுப் பகற்பொழுது மார்கழியில் 11 மணிக்குச் சற்று மேல். ஆனியிலும் 13 மணியை எட்டுவதில்லை. விளக்கின்றி வளரும் கூடத்தில் முட்டை குறையவே செய்யும். சந்தைக்கு முட்டை விற்றுப் பிழைக்க எண்ணுவோருக்கு இம்முறை ஏற்றதன்று. வீட்டுத் தேவைக்கு முட்டையும், தோட்டத்துக்கு எருவும் போதும் என்போர்க்கே இது உரியது.

விருப்பமுள்ள அங்கத்தினர் முதலில் நாலைந்து பெட்டைகளுடன் தொடங்கட்டும். புல் முதலில் வளரட்டும். பறவை பின்னர் வரட்டும். நாம் கூடத்தினுள் நுழையும்போது காடை மேலே பாயாமல் புல்லினுள் மெல்லப் புகுந்து மறைந்தால், நம் நடவு நன்கு அமைந்தது என்று அறியலாம்.